முனியின் முதுகு

மாஸ்டரின் விரல் இரண்டு வரியைத் தாண்டியது.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் விரலைப் பார்க்கத் தெரியும். தேயிலைக் கொழுந்து அரைக்கிற ரோலர் மெஷினில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவன், எந்த விரல் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டேதான் நிற்பான். பார்க்காமல் விட்ட ஒரு நாளில்தான் என் வலது கையில் இரண்டு விரல் போனது. அதைப் போன வாரம் இதே பத்திரிகையில் எழுதிவிட்டேன்.

இது அதற்கு ரொம்ப நாள் பிந்தி நடந்தது. நான் வேலையை விட்டு நின்ற பிறகு.

பின்னேரம். வெளியே தூறல். லயத்து வீட்டு வரிசையில் எங்கள் காம்பராவில் நானும் மாஸ்டரும் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். என் சம்சாரம் லெச்சுமி அடுப்புப் பக்கம் இருந்தாள். ஈர விறகு. காம்பரா முழுக்கப் புகை. மாஸ்டரின் மடியில் போட்டோக்கொப்பி எடுத்த தாள்கள். வரிக்கு அடியில் விரலை ஓட்டி, அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. பக்கத்தின் நடுவில் ஓர் இடத்தில் நின்றது. பிறகு இரண்டு வரி கீழே போய் விழுந்தது. வாய் மட்டும் நிற்காமல் ஓடியது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. முதல் தடவையிலேயே கேட்டால் ஆள் உஷாராகிவிடுவான்.

"இன்னொருக்கா வாசிங்க மாஸ்டர்" என்றேன்.

வாசித்தார். அதே இடம். அதே தாண்டல்.

சப்பாத்தைக் கழற்றிய ஆள்

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் நிஸார். நுவரெலியா டவுன் ஆள். அண்ணன் தம்பிமார் அங்கே சாமான் கடை வைத்திருக்கிறார்கள். இவர் மட்டும் படித்து, பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்து, பென்ஷனில் வந்தவர்.

எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையை மூடிப் பல வருஷம். கொழுந்து லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகிறது. மூடிக் கிடந்த கட்டடத்தை ஒரு கம்பெனி எடுத்து ஹோட்டல் ஆக்குகிறது. கொழுந்து வாட்டிய மேல்மாடிகளில் படுக்கை அறைகள். பெரிய சக்கரம் நிற்கிற கீழ்த்தளத்தில் சாப்பாட்டு மண்டபம். சுவரில் தொங்கவிட தோட்டத்தின் சரித்திரம் வேண்டுமாம். அதை எழுத மாஸ்டரை அமர்த்தினார்கள்.

முதல் நாள் அவர் சக்கரம் இருக்கிற அறைக்கு வந்தபோது நான் உள்ளே விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றினார். யாரும் சொல்லவில்லை. எத்தனையோ துரைமார் அந்த வாசலால் வந்திருக்கிறார்கள். ஒருவரும் கழற்றியதில்லை.

கேட்காமல் மரியாதை செய்கிற ஆளிடம் எனக்குச் சந்தேகம் வரும்.

வீட்டில் வந்து சொன்னேன். லெச்சுமி கொழுந்துக்கூடையின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள்.

"சப்பாத்துல சேறு இருந்திருக்கும். அதான் கழட்டியிருப்பாரு."

"சேறு இல்ல. நான் பாத்தேன்."

"அப்ப நல்ல மனுசன்னு வச்சுக்கங்களேன்."

"கம்பெனி ஆளு."

"நீங்களும் நாப்பது வருசம் கம்பெனி ஆளுதான்."

 ஆனாலும் அவர் வந்த ஒவ்வொரு நாளும் பின்னாலேயே நின்றேன். சுவரை அளந்தார். சக்கரத்தைப் படம் எடுத்தார். என்னிடம் கேள்வி கேட்டார். ஒரு கேள்விக்கு ஒரு வார்த்தை கொடுத்தேன். அதையும் எழுதிக்கொண்டார்.

சக்கரத்துக்குப் பக்கத்தில்

எங்கள் பக்கத்தில் சக்கரத்தை ரோதை என்போம். அதன் பக்கத்தில் இருப்பவர் ரோதைமுனி.

முழங்கால் உயரக் கல். எண்ணெய் ஊறி ஊறிக் கறுப்பு. முன்பக்கம் கரடுமுரடு. பின்பக்கம் சுவரைப் பார்த்திருக்கும். கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை போகிற இடைவெளி. அவ்வளவுதான். மேலே கோபுரம் இல்லை, கூரை இல்லை. தொழிற்சாலைக் கூரைதான் அவர் கூரை.

வருஷத்துக்கு ஒரு தடவை மெஷின்களைக் கழற்றி மறுபடி பூட்டுவார்கள். திரும்ப ஓடவிடுமுன் முனிக்குப் பூசை. சேவல், சுருட்டு, கொஞ்சம் சாராயம். அதற்கு முதல் முனியைக் கழுவ வேண்டும். முன்பக்கத்தைக் கண்ணால் பார்த்துக் கழுவலாம். பின்பக்கத்தைப் பார்க்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டுத் தடவிக் கழுவ வேண்டும். முனியின் முதுகைப் பார்த்தவனுக்கு மெஷின் முகம் கொடுக்காது என்பார்கள். எங்கள் அப்பா அப்படித்தான் கழுவினார். அவருக்குப் பிறகு நான்.

என் கைக்கு அந்த முதுகு தெரியும். நடுவில் ஒரு பள்ளம். மேலிருந்து கீழே நேராக இறங்கும். கட்டைவிரல் சரியாக அதில் உட்காரும். முதல் தடவை தொட்டபோது, முனியின் முதுகுத்தண்டு என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். அவரும் சொல்லவில்லை.

முனி எப்படி வந்தார் என்று கேட்டால் பெரியவர்கள் ஒரே கதைதான் சொல்வார்கள். ஓடையில் மிதந்து வந்து ரோதைக்குப் பக்கத்தில் கரை ஏறினாராம். கல் மிதக்குமா என்று சின்ன வயதில் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

என் விரல் போன அன்று பெல்ட் தானாகக் கழன்று மெஷின் நின்றது. நிற்காவிட்டால் கை முழுவதும் போயிருக்கும். பெல்ட் தேய்ந்திருந்தது என்றார் மெக்கானிக். முனி என்றேன் நான். இரண்டும் சரியாக இருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நேரே போய், சாகிறவரைக்கும் விளக்கு நிற்காது என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னதை இதுவரை காப்பாற்றியிருக்கிறேன். தொழிற்சாலையை மூடிய பிறகும்.

ஹோட்டல் மேனேஜர் மாத்தயா வந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்தக் கல்தான். கெட்ட மனுஷன் இல்லை. சிங்களவர், ஐயா என்பதை அவர்கள் பாஷையில் மாத்தயா என்போம். உடைந்த தமிழில் தன்மையாகத்தான் சொன்னார்.

"அண்ணே, எனக்கு சாமிக்கு விரோதம் இல்லை. இங்க மேசை வருது, ஆளுங்க சாப்பிடுவாங்க. கீழ லயத்துல கோயில் இருக்குதானே. அங்க வெச்சி குடுக்கிறேன். டைல்ஸ் போட்டு குடுக்கிறேன்."

"முனி ரோதையை விட்டு வரமாட்டாரு மாத்தயா."

"ரோதை இப்ப ஓடுறது இல்லையே."

 மாரியம்மன் கோயிலில் கொண்டுபோய் வைத்தால் பத்தோடு ஒரு கல்லாகக் கிடப்பார் என்று எப்படிச் சொல்வது.

அவர் கொழும்புக்கு எழுதினார். கொழும்பு ஆட்கள் ஒரு வழி சொன்னார்களாம். தோட்டத்துப் பழைய முதலாளிமாரின் எழுத்தில் இந்தக் கல் இருந்தால், அது பழைய பொருள். அந்த இடத்திலேயே இருக்கட்டும். இல்லை என்றால் யாரோ பிறகு கொண்டுவந்து வைத்தது. எடுத்துவிடலாம். மாஸ்டர் பார்த்துச் சொல்லட்டும்.

முனி இருப்பதா போவதா என்று ஒரு புத்தகம் தீர்ப்புச் சொல்லப் போகிறது. அந்தப் புத்தகத்தை வாசிக்கிறவர் சம்பளம் வாங்குவது ஹோட்டலில். நான் எப்படித் தூங்குவது.

பார்லிமெந்துக்காரர்

முதலில் சொன்ன அந்தப் பின்னேரம் மாஸ்டர் தானாகவே லயத்துக்கு வந்தார். புத்தகம் கிடைத்துவிட்டது என்றார். முகம் சரியில்லை.

இப்போது தேயிலை நிற்கிற மலையில் அந்தக் காலத்தில் கோப்பி. அதில் பங்கு வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் லண்டனில் பார்லிமெந்து மெம்பர். இந்த மலைக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அவர் சபையில் பேசியது எல்லாம் அச்சில் இருக்கிறதாம்.

"எதைப் பத்திப் பேசினாரு?" என்று கேட்டேன்.

"ரெண்டே விசயம் அண்ணே. மதம், சீர்திருத்தம். எப்ப எழும்பினாலும் இந்த ரெண்டுதான். அவங்க ஊர்ல அரசாங்கத்துக் கோயில் ஒன்னு. அங்க கும்பிடாதவனும் அதுக்கு வரி கட்டணும். அது அநியாயம், ஒருத்தன் கும்பிடுறதுல அரசாங்கம் கை வைக்கக் கூடாதுன்னு வருசக்கணக்கா சண்டை போட்டிருக்காரு. ஏழைப் பிள்ளைங்க படிக்கணும்னும் பேசியிருக்காரு."

"நல்ல ஆளுதான் போல" என்றாள் லெச்சுமி அடுப்படியிலிருந்து.

"நம்மளைப் பத்தி என்ன பேசினாரு?" இது நான்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களைப் பேய்கிட்டயிருந்து காப்பாத்தணும்னு."

சபையில் இன்னொரு மெம்பர் எழும்பியிருக்கிறார். இங்கே ஒருவன் கும்பிடுவதில் கை வைக்காதே என்கிறீர், அங்கே வைக்கலாம் என்கிறீர், அது எப்படி என்று கேட்டிருக்கிறார். நம்ம தோட்டத்து மெம்பர் பதில் சொன்னாராம். இங்கே தெரிந்து கும்பிடுகிறார்கள், அங்கே பயத்தில் கும்பிடுகிறார்கள். பயத்தை எடுத்துவிட்டால் ஆள் சீர்திருந்துவான். அதற்கு மற்றவர், நீர் எடுத்தது பயத்தையா, சாமியையா என்று மடக்கியிருக்கிறார்.

எனக்கு அந்த இரண்டாம் ஆளைப் பிடித்தது. பேர் கேட்டேன். மாஸ்டர் சொன்னார். வாயில் நுழையவில்லை.

பயத்தில்தான் கும்பிடுகிறோம். அதில் பொய் இல்லை. ஓடுகிற மெஷினில் கை வைக்கிறவனுக்குப் பயம் வேண்டும். அது போன அன்றைக்கு விரலும் போகும். லண்டனில் நாற்காலியில் உட்கார்ந்து பேசினவருக்கு இது தெரிய நியாயமில்லை.

"அப்பதான் இந்தத் தோட்டத்தைப் பத்திச் சொல்றாரு" என்று மாஸ்டர் தாளில் விரலை வைத்தார். "என் தோட்டத்துல மரத்தடியில ஒரு கல்லு இருந்திச்சு. ஆளுங்க அதுக்குச் சேவல் அறுத்தாங்க. தோட்டத்தைப் பார்த்துக்கிற என்னோட சுப்ரண்டன் அந்தக் கல்லை அகற்றிட்டாரு. ஒருத்தரும் அழல. இப்ப அந்த ஆளுங்க ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு வர்றாங்க. இதுதான் சீர்திருத்தம். இப்படி."

அகற்றிவிட்டார். அப்படியென்றால் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பது வேறு கல். யாரோ பிறகு கொண்டுவந்து வைத்தது. ஹோட்டலுக்கு அது போதும்.

"வர்ற வெள்ளிக்கிழமை மேனேஜர்கிட்ட குடுக்கணும். அதுக்கு முந்தி உங்ககிட்ட சொல்லிரணும்னு வந்தேன் அண்ணே."

எதற்காக எனக்கு முந்திச் சொல்ல வேண்டும்? நான் ஏதாவது கத்திப் பேசினால் அதையும் எழுதிக்கொள்ளவா? முனியைப் பற்றி இன்னும் ஏதாவது வாயைக் கிளறவா?  தாளைப் பார்த்தேன். ஒருத்தரும் அழவில்லை என்பதை மட்டும் நம்பவில்லை.

வராத ஆளுக்கு எப்படித் தெரியும்? சுப்ரண்டன் கடுதாசி எழுதியிருப்பார். எங்களுக்கு அது பழக்கம். பெரிய ஆள் வருகிறார் என்றால் விடியற்காலையே தொழிற்சாலைத் தரையைக் கழுவச் சொல்வார்கள். அவர் கழுவின தரையைப் பார்த்துவிட்டு, இங்கே எப்போதும் சுத்தம் என்று எழுதிவிட்டுப் போவார். அந்த சுப்ரண்டனும் தரையைக் கழுவித்தான் காட்டியிருப்பார்.

மூன்றாம் தடவை

அதனால்தான் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். விரல் இரண்டு தடவையும் ஒரே இடத்தில் தாண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மூன்றாம் தடவை அந்த இடம் வந்ததும் என் கையை நீட்டி அவர் விரலைப் பிடித்துக்கொண்டேன். மூன்று விரல் கைதான். பிடி இருக்கும்.

"இந்த இடத்துல ரெண்டு வரி விட்டுட்டீங்க."

மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

"அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது."

"அதுல ஒன்னும் இல்ல. அது வந்து, விபரம்."

"விபரத்தை வாசிங்க."

லெச்சுமி அடுப்பை விட்டு எழும்பி வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.  மாஸ்டர் குரலை இறக்கி வாசித்தார்.

"கல்லை இரும்பு அலவாங்கால நெம்பிப் பார்த்தாங்களாம். அசையல. அப்புறம் அதுல துளை போட்டு, வெடிமருந்து வச்சு, ஆளுங்க எல்லாரையும் நிக்கவச்சு, அவங்க கண் முன்னால பிளந்தாங்களாம். இது ஒரு வரி."

"மத்தது?"

"ஒரு பாதி உருண்டு ஓடைக்குள்ள போயிருச்சு. மத்தப் பாதியை ஜெபக்கோயிலுக்கு வாசல்படியா போட்டாங்களாம். ஆளுங்க தினமும் அதை மிதிச்சுக்கிட்டு உள்ள போகணும்னு." விரல் அடுத்த சின்ன எழுத்துக்குப் போனது. "இந்த இடத்துல சபை சிரிச்சிச்சுன்னு போட்டிருக்கு."

"சிரிச்சதையுமா அச்சடிப்பாங்க?"

"அடிப்பாங்க அண்ணே."

 கூரைத் தகரத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"ஏன் விட்டீங்க?"

"உங்க வீட்ல உக்காந்து, உங்க தேத்தண்ணியக் குடிச்சுக்கிட்டு, இதை எப்படி வாசிக்கிறது" என்றார்.

லெச்சுமிதான் அடுத்துப் பேசினாள். "அந்த ஜெபக்கோயிலு, இப்ப நம்ம பிள்ளைக் காம்பராவா இருக்கே, அதுதானே?"

 கொழுந்துக்குப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பழைய கட்டடம். அது முன்னே என்னவாக இருந்தது என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அதன் படியும் எல்லாருக்கும் தெரியும். நான் அந்தப் படியில் தவழ்ந்தவன். லெச்சுமியும்தான்.

எனக்கு அப்போது படி முக்கியமாகப் படவில்லை. துளை என்று அவர் சொன்னதும் என் கட்டைவிரல் தானாக மடங்கியது.

இளவட்டத்தில் உடப்புசல்லாவைப் பக்கம் ரோட்டு வேலைக்குக் கொஞ்ச நாள் போனேன். பாறையில் துளை போட்டு மருந்து வைத்துப் பிளப்போம். பிளந்தால் துளை இரண்டாகப் போகும். இந்தத் துண்டில் பாதி, அந்தத் துண்டில் பாதி. நேரான பள்ளமாக நிற்கும். எத்தனையோ கல்லில் பார்த்திருக்கிறேன். இந்தக் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாமி என்று தொட்டதால் தெரியவில்லை.

மாஸ்டரிடம் சொல்லவில்லை. குடை கொடுத்து அனுப்பிவைத்தேன்.

தேயிலைக் குச்சி

மறுநாள் விடிந்ததும் போனேன். முதலில் பிள்ளைக் காம்பரா. ஆயாம்மா இன்னும் வரவில்லை. படி நனைந்திருந்தது. அதன் உள் ஓரத்தில், சுவரை ஒட்டி, நீளமாக ஒரு பள்ளம். மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும். சின்னதில் அதில் கடுதாசிக் கப்பல் விட்டிருக்கிறோம். ஒரு தேயிலைக் குச்சியை அதில் வைத்து, நீளத்துக்குச் சரியாக ஒடித்தேன்.

அந்தக் குச்சியோடு தொழிற்சாலைக்குப் போனேன். வாட்ச்சர் தெரிந்த ஆள். உள்ளே விட்டான். விளக்கேற்றினேன். கண்ணை மூடினேன். கையை இடுக்கில் விட்டேன்.

முதுகுப் பள்ளத்தில் வைத்த குச்சி மேலேயும் இடிக்கவில்லை, கீழேயும் மிஞ்சவில்லை.

கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. கல் குளிர்ந்து கிடந்தது. ஓடையில் மிதந்து வந்தார் என்ற கதை நினைவுக்கு வந்தது. மிதக்கவில்லை. உருண்டு போனார். யாரோ இறங்கித் தூக்கியிருக்கிறார்கள். பிளந்த பக்கம் தெரியாமல் சுவரைப் பார்க்க வைத்திருக்கிறார்கள். முதுகைப் பார்க்காதே என்று சொல்லிவைத்ததும் அவர்கள்தான். அது சாமி சொன்ன விதி இல்லை. ஆட்கள் போட்ட விதி. துரை வந்து பார்த்தால் வேறு கல் என்று நினைக்க வேண்டும். பார்க்காதே என்றால் நம்மவனும் காட்டிக்கொடுக்க மாட்டான்.

எத்தனை கெட்டிக்காரர்கள். அவர்கள் மறைத்தது எனக்கே தெரியாத அளவுக்கு மறைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் நான் கும்பிட்டது என்ன? பாதிக் கல்லையா? அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். விளக்கை அணைக்கவில்லை.

கண்ணை மூடுங்க மாத்தயா

வெள்ளிக்கிழமை மேனேஜர் மாத்தயா இரண்டு ஆட்களோடு வந்தார். ஓர் ஆளிடம் அலவாங்கு. மற்றவனிடம் தள்ளுவண்டி. மாஸ்டர் பின்னால் வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். நான் கல்லுக்கு முன்னால் நின்றேன்.

"அண்ணே, பொத்தே தியெனவா" என்றார் மேனேஜர். காலையில் மாஸ்டர் சொல்லிவிட்டாராம், புத்தகத்தில் இருக்கிறதாம். "அந்தக் கல்லு எடுத்துப் போட்டது. இது வேற கல்லு. மனசு வருத்தப்பட வேணாம்."

"முழுசா வாசிச்சாங்களா மாத்தயா?"

அவர் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்.

நானும் மாஸ்டரைத்தான் பார்த்தேன். இந்த இடத்தில்தான் ஆள் யார் என்று தெரியும் என்று நினைத்தேன். அவர் தாளை எடுத்தார். விரலை வைத்துச் சிங்களத்தில் வாசித்தார். எனக்குச் சிங்களம் தெரியும். துளை, மருந்து, பிளந்தது, ஒரு பாதி ஓடைக்குள் உருண்டது. ஒன்றும் விடாமல் சொன்னார். 

"இந்தக் கல்லோட முதுகுல கையை விட்டுப் பாருங்க" என்றேன் மேனேஜரிடம். "பார்க்கக் கூடாது. கண்ணை மூடிக்கிட்டுத்தான் தொடணும்."

"ஏன், திருப்பிப் பார்க்கலாமே?"

"திருப்ப விடமாட்டேன்."

அலவாங்கு ஆள் என் தம்பி முறை. அலவாங்கைத் தரையில் ஊன்றிக்கொண்டு சும்மா நின்றான். மேனேஜர் என்னையும் அவனையும் பார்த்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். மோதிரத்தையும்.

"பூரான் இருக்குமா?"

"இருக்கும்" என்றான் தள்ளுவண்டிக்காரன். "ஆனா சாமியோட பூரான். நல்ல ஆளைக் கடிக்காது மாத்தயா."

"நீ வந்து வை."

"எனக்குச் சந்தேகமா இருக்கே."

மேனேஜர் சிரித்துவிட்டார். பிறகு முழங்கால் போட்டு உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, கையை உள்ளே விட்டார். கொழுத்த கை. கஷ்டப்பட்டுத்தான் போனது. தேடியது. நின்றது. மேலே ஏறியது. கீழே இறங்கியது.

"போர் எகக்" என்றார் மெதுவாக. துளை போட்ட தடம். அவருடைய அப்பாவுக்குக் கல்குவாரி இருந்ததாம். பிறகுதான் தெரிந்தது.

 கையை எடுத்து, விரலில் ஒட்டிய எண்ணெயைப் பார்த்தார். துடைக்கவில்லை.

"அப்ப இது அந்தக் கல்லு."

"பாதி" என்றேன்.

"மத்தப் பாதி எங்க?"

மாஸ்டரின் விரல் இன்னும் தாளில் இருந்தது. படியைப் பற்றிய வரி அதற்கு நேர் அடியில். அந்த இடம் எனக்கு இப்போது மனப்பாடம். மேனேஜர் கேட்டால் இவர் வாசிக்க வேண்டும். வாசித்தால் நாளைக்கே அந்தப் படியைப் பெயர்ப்பார்கள். இரண்டையும் சேர்த்து வைத்து வெள்ளைக்காரர்களுக்குக் காட்டுவார்கள். சேர்த்து வைக்க முனியைத் திருப்ப வேண்டும்.

விரல் அசைந்தது. தாண்டியது.

"வேற விபரம் ஒன்னும் இல்ல" என்றார் மாஸ்டர் சிங்களத்தில். தாளை மடித்துவிட்டார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"தெரியாது மாத்தயா" என்றேன். "அந்தக் காலத்துக் கட்டடம் எல்லாம் இடிஞ்சு போச்சு."

நானும் ஒரு வரி தாண்டினேன்.

போர்டு

முனி இருந்த இடத்திலேயே இருக்கிறார். கொழும்பு சரி என்றுவிட்டது. சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றுக்கு உள்ளே போகிற ஆள் நான் மட்டும். மேசைகள் தள்ளிப் போடப்பட்டிருக்கின்றன. சுருட்டுப் புகை சாப்பிடுகிறவர்களுக்கு ஆகாது என்றார்கள். பூசையைக் காலையில் முடித்துக்கொள்கிறேன்.

பக்கத்தில் ஒரு போர்டு. மூன்று பாஷையில். மாஸ்டர் எழுதியது. பார்லிமெந்துக்காரர் சபையில் பேசியது, கேட்டவருக்குச் சொன்ன பதில், மருந்து வைத்துப் பிளந்தது, ஆட்கள் ஓடையிலிருந்து தூக்கி மறைத்தது எல்லாம் அதில் இருக்கிறது. தமிழ் நானே வாசித்தேன். இங்கிலீஷை மாஸ்டரை வாசிக்கச் சொன்னேன். விரல் வைத்து வாசிக்கச் சொன்னேன். மூன்று தடவை.

"இன்னும் சந்தேகமா அண்ணே?" என்றார்.

"பழக்கம்" என்றேன்.

ஒரு வரியும் தாண்டவில்லை. படியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

லெச்சுமிக்குத்தான் மனசு கேட்கவில்லை. பாதியைக் கும்பிட்டோம், பாதியை மிதித்தோம் என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளைக் காம்பராவுக்குப் போனால் படியைத் தாண்டிக் காலை எட்டி வைத்தாள். அந்த வயதில் அது விழுகிற வேலை. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் படியின் ஓரத்தில் குங்குமம். யார் வேலை என்று கேட்கத் தேவையில்லை. ஈரத்துணியால் துடைத்தேன். இரண்டு தடவை வைத்தாள். இரண்டு தடவையும் துடைத்தேன்.

"முனி கோவிச்சுக்க மாட்டாரா?" என்றாள்.

"அவரு இத்தனை காலமா மறைஞ்சு இருந்தவரு. அவருக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு வைக்கவில்லை. பிள்ளைகள் எப்போதும் போல மிதித்துக்கொண்டுதான் போகின்றன. மழை பெய்தால் பள்ளத்தில் கப்பல் விடுகின்றன.

இதை எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். மேனேஜர் மாத்தயா தமிழ் வாசிக்க மாட்டார். வாசிக்கிற ஆள் யாராவது அவருக்குச் சொல்லலாம். அதனால் மாஸ்டரின் பேரை மாற்றியிருக்கிறேன். லெச்சுமியின் பேரையும். தோட்டத்தின் பேரை எழுதவே இல்லை. ஊரையும் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறேன். எந்தப் பக்கம் என்று கேட்டுப் பத்திரிகை ஒஃபிஸுக்குக் கடிதம் போட வேண்டாம்.

எங்கள் மலையில் எல்லாப் பிள்ளைக் காம்பராவுக்கும் கல் படிதான். தேடி வருகிறவர்கள் ஒவ்வொன்றிலும் கை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். கண்ணை மூடிக்கொண்டு.